எஞ்சின் நின்ற காரணம்

ஃபஸ்னா: மழை என்டு போடுவம், மாமி. மழை பேஞ்சிச்சி, நாடகம் நின்டிச்சி. முடிஞ்சி.

அக்னஸ்: அண்டைக்கு மழை பெய்யேல்லைப் பிள்ளை.

ஃபஸ்னா: முப்பத்திரண்டு வருசத்துக்கு முந்தின மழை. கொழும்பில ஈக்கிறவங்களுக்குத் தெரியவா போகுது?

அக்னஸ்: நல்ல நிலவு. தென்னந்தோட்டம் முழுக்க வெளிச்சம். எனக்குத் தெரியுந்தானே.

ஃபஸ்னா: வாப்பா, நீங்க சொல்லுங்க. மழை பேஞ்சிச்சா இல்லியா?

அத்தாஉல்லா: என்ன?

ஃபஸ்னா: மழை, வாப்பா!

அத்தாஉல்லா: மழையா? அப்ப காயப்போட்ட உடுப்ப எடுங்க மகள்.

அக்னஸ்: நானாவுக்குக் காது எப்ப போனது?

ஃபஸ்னா: வேணாத கதை வந்தா மட்டும் போகும் மாமி. கேட்டா, நாப்பது வருசம் எஞ்சினுக்குப் பக்கத்தில நின்ட காது என்பாரு. ஆனா தேத்தண்ணி என்டா...

அத்தாஉல்லா: தேத்தண்ணி ஊத்தியாச்சா?

அக்னஸ்: ஹ... ஹா... சரி, சரி. அந்தக் கடிதத்தை இன்னொருக்கா வாசி பிள்ளை. என்னதான் கேக்கினம்?

ஃபஸ்னா: கேளுங்க. "ஆலங்குடா கலைச் சங்கத்தின் செயலாளருக்கு. புதிதாகக் குடியேறியோரையும் உள்ளூர் மக்களையும் இணைக்கும் கலைத் திட்டங்களுக்கான நிதிக்குத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பம் முதற்கட்டத் தெரிவில் இடம்பெற்றுள்ளது. மண்சரிவினால் வீடிழந்து மாம்புரிக்கு வந்துள்ள பதினொரு குடும்பங்களுடன் சேர்ந்து நாடகம் மேடையேற்றும் எண்ணம் பாராட்டுக்குரியது. எனினும்..."

அக்னஸ்: அந்த எனினுந்தான்...

ஃபஸ்னா: "எனினும், இதே நாடகம் 1993இல் வேறொரு நிறுவனத்தின் உதவியைப் பெற்றுப் பாதியில் நின்றதாகத் தாங்கள் இணைத்துள்ள அறிக்கை கூறுகிறது. அதன் காரணத்தையும், மீண்டும் அவ்வாறு நிகழாது என்பதற்கான விளக்கத்தையும் இன்று பிற்பகல் நான்கு மணிக்குள் அனுப்பவும்." இப்ப மூனேகால்.

அக்னஸ்: அந்தப் பழைய அறிக்கையை ஆர் உன்னை அனுப்பச் சொன்னது?

ஃபஸ்னா: சந்தோசத்தில அனுப்பிட்டன் மாமி. பைலுக்குள்ள கண்டன். யாழ்ப்பாணத்தில இரிந்து சண்டைக்கு ஓடி வந்த முகாம் சனமும் எங்கட ஊர்ச் சனமும் சேந்து அந்தக் காலத்திலயே நாடகம் போட்டிரிக்கிறாங்க என்டு காட்டலாமே என்டு... பாதியில நின்ட வரியப் பாக்கல்ல. கடைசிப் பக்கம் கழன்டு பைலுக்குள்ளயே கெடந்திச்சி, அது போகல்ல.

அக்னஸ்: கடைசிப் பக்கத்தில என்ன?

ஃபஸ்னா: வேணாம் மாமி.

அக்னஸ்: வாசி.

ஃபஸ்னா: "மின்பிறப்பாக்கியை இயக்கியவரின் கவனயீனத்தால் எரிபொருள் தீர்ந்து, நாடகம் இடைநடுவில் கைவிடப்பட்டது. இங்ஙனம், சூசைப்பிள்ளை, முகாம் கலைக்குழுச் செயலாளர்."

அக்னஸ்: சூசைப்பிள்ளை மாஸ்டர் நல்ல மனிசன். ஊர் சொன்னதை எழுதிப்போட்டார், பாவம்.

ஃபஸ்னா: கவனயீனம் என்டது மரியாதையான சொல்லு மாமி. பள்ளிக்கூடத்தில எனக்குச் சொன்னது வேற. எண்ணெய்க் கள்ளன்ட மகள். மண்ணெண்ணெய வித்துப்போட்டு நாடகத்த இருட்டாக்கின ஆள்ட மகள்.

அக்னஸ்: உனக்கு அப்ப எத்தினை வயசு?

ஃபஸ்னா: ஆறு. அந்தப் பேரு பத்தாம் வகுப்பு வரைக்கும் கூட வந்திச்சி.

அத்தாஉல்லா: மகள், அதையே எழுதிருங்க.

ஃபஸ்னா: எதை?

அத்தாஉல்லா: கவனயீனம் என்டதத்தான். எஞ்சின்காரன் எண்ணெயப் பாக்கல்ல, வெளக்கு நின்டிச்சி. இப்ப எல்லா வீட்டுக்கும் கரண்ட் இரிக்கி, எஞ்சின் தேவையில்ல, அதால திரும்ப நடக்காது. ரெண்டு கேள்விக்கும் மறுமொழி சரி. அனுப்புங்க.

அக்னஸ்: இப்ப மட்டும் நல்லாக் கேக்குது காது!

ஃபஸ்னா: அது... நல்ல மறுமொழிதான் மாமி. மழைய விட நல்லம். சல்லி கெடைச்சிரும்.

அக்னஸ்: வேண்டாம்.

ஃபஸ்னா: மாமி, அந்தப் பதினொரு குடும்பத்துக்கும் நான் வாக்குக் குடுத்திட்டன். மேடைக்கு, உடுப்புக்கு, ஒத்திகைக்கு வாற நாளைக்குத் தோட்டத்தில கூலி போகாம ஈக்கிறதுக்கு... எல்லாம் இதுலதான். வதனா தாய்க்கிழவி வேசத்துக்குப் பாடமாக்கி முடிச்சிட்டா.

அக்னஸ்: பார்த்தனான். சட்டிச் சண்டைக் கட்டத்தில எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு. நான்கூட அப்பிடிச் செய்யேல்லை.

ஃபஸ்னா: நேத்து என்னட்டக் கேக்கிறா, "அக்கா, எங்களுக்கு வள்ளமெல்லாம் தெரியாதுங்க, மகன் பஸ்சுல வந்து எறங்குறாப்புல வைக்கலாமா?" என்டு.

அக்னஸ்: வைக்கட்டும்! எதில வந்தாலும் வரட்டும். முந்தி வள்ளத்தில வந்தவர் இன்னும் கரைக்கு வரேல்லைத்தானே.

அத்தாஉல்லா: ஹில்மி!

அக்னஸ்: ஓம், ஹில்மி! திரைக்குப் பின்னால காட்போட் வள்ளத்தை இடுப்பில கட்டிக்கொண்டு நிண்டவர். லைற் போனதும் அப்பிடியே நிண்டாராம், திரும்ப வருமெண்டு.

அத்தாஉல்லா: முந்தல் ஊருல இறால் தீன் கடை போட்டு, பேரப்புள்ளையும் கண்டாச்சி. இன்னமும் அவன "கரைக்கு வராத மகன்" என்டுதான் சொல்ற.

ஃபஸ்னா: அந்தத் திரை எனக்கு ஞாபகம் இரிக்கி. நிறம் நிறமா...

அக்னஸ்: சாறி. பதினாலு சாறியைப் பொருத்தித் தைச்சது. உன்ர உம்மாதான் தைச்சவ. முகாமுக்கு வந்து, கிணத்தடியில மெசினை வைச்சு. திரைக்குச் சாறி போதாமப் போச்சு. அவ ஒண்டும் சொல்லேல்லை, வீட்டை போய் ஒண்டைக் கொண்டுவந்தா. சிவப்பு. சரிகைக் கரை.

அத்தாஉல்லா: கலியாணச் சாரி. லைட்டப் போட்டாப் பொறகுதான் எனக்கே தெரியும், என்ட மனிசிட கலியாணச் சாரி நடுவில தொங்குது.

ஃபஸ்னா: ஏசினீங்களா?

அத்தாஉல்லா: எங்க ஏசுற? நல்லா இரிந்திச்சி.

அக்னஸ்: அப்ப இந்தக் கரையில பட்டம் கட்டிக் கடலில ஓடுற வெள்ளைக்காரர் இல்லை. நாங்களும் தென்னோலையும் மண்ணுந்தான். பின்னேரம் ஒத்திகை. உங்கட ஊர் றஹ்மத் உம்மா பாணும் சம்பலும் குடுத்துவிடுவா. எங்கட பெடியள் வசனத்தைப் பாடமாக்கிறதை விட்டிட்டு, பாண் வருதோ எண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நிப்பாங்கள். முகாமெண்டா முகாம்... ஓலையால ஒழுக்கு, குளிக்க ஒரு வாளி. ஆனால் அந்த ஒரு மாசம் நாங்கள் சிரிச்ச சிரிப்பு... பிறகு நான் அப்பிடிச் சிரிக்கேல்லைப் பிள்ளை.

அத்தாஉல்லா: நாங்களுந்தான்.

அக்னஸ்: எனக்கு இருபத்தேழு வயசு. தலையில கோதுமை மாவைக் கொட்டிக் கிழவியாக்கினவை. தும்மித் தும்மி...

ஃபஸ்னா: மாமி... மூனரை ஆகப்போகுது.

அக்னஸ்: ஓம். சரி. நானா, நான் ஒண்டு கேக்கிறன். எண்ணெய் முடிஞ்சா எஞ்சின் எப்பிடி நிக்கும்?

அத்தாஉல்லா: என்ன?

அக்னஸ்: கேட்டது கேட்டதுதான். சொல்லுங்கோ.

அத்தாஉல்லா: நிக்கும்... நிக்கிற மாதிரித்தான் நிக்கும்.

அக்னஸ்: இல்லை. விக்கி விக்கி நிக்கும். ஒருக்கா இருமும், பிறகு ஓடும், திரும்ப இருமும். லைற் மங்கும், எறிக்கும், மங்கும். சனத்துக்கு விளங்கும், போகப்போகுதெண்டு. அண்டைக்கு அப்பிடி நிக்கேல்லை. நல்ல வெளிச்சமா எரிஞ்சுகொண்டு நிண்டது, டக்கெண்டு போனது.

அத்தாஉல்லா: எஞ்சின் வேல எங்க படிச்சீங்க?

அக்னஸ்: பாசையூரில எங்கட அப்பாதான் முதல்முதல் வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டினவர். எண்ணெய் முடியிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கரையில நிண்டு வளந்தனான்.

ஃபஸ்னா: பொறுங்க... வாப்பா? நீங்களா நிப்பாட்டினீங்க?

அத்தாஉல்லா: அந்தத் தேத்தண்ணி...

ஃபஸ்னா: வாப்பா!

அக்னஸ்: அவரை ஏசாதை. ஏசுறதெண்டா என்னை ஏசு. அண்டைக்கே எனக்குத் தெரியும், அவர் வேணுமெண்டுதான் நிப்பாட்டினவரெண்டு. தெரிஞ்சும் முப்பத்திரண்டு வருசம் வாயைத் திறக்கேல்லை. நீ பள்ளிக்கூடத்தில அந்தப் பேரைக் கேட்டு அழுதுகொண்டு எங்கட வாசலால போவாய். நான் கண்டிருக்கிறன். கண்டிட்டு உள்ளுக்குப் போயிடுவன்.

ஃபஸ்னா: ஏன் மாமி?

அக்னஸ்: சொன்னா ஏன் நிப்பாட்டினவர் எண்டும் சொல்லவேணுமே...

ஃபஸ்னா: ஏன் நிப்பாட்டின?

அக்னஸ்: அண்டைக்குக் காலமை எனக்கொரு கடுதாசி வந்தது. முகாமுக்கு வாற கடுதாசியெல்லாம் வாப்பாவின்ர கடை விலாசத்துக்குத்தான் வாறது. அவர்தான் கொண்டந்து தந்தவர். என்ர தம்பி பீற்றர்...

ஃபஸ்னா: ஜேர்மனியில ஈக்கிற பீற்றர் மாமாவா?

அக்னஸ்: பீற்றர் ஜேர்மனியில இல்லை.

ஃபஸ்னா: இல்லியா? எங்கட உம்மா சொல்லுவாங்களே... ரெண்டு புள்ளைங்க என்டு...

அக்னஸ்: எங்களிட்ட வாறதுக்கு வெளிக்கிட்டவன். கிளாலிக் கடலைக் கடக்கேக்கை... வள்ளத்தில இருந்த ஒருத்தரும் மிஞ்சேல்லையாம். சித்தப்பா எழுதியிருந்தார். கிணத்தடியில நிண்டு வாசிச்சன். திரும்பினா அம்மா நிக்கிறா. "ஆரின்ர கடுதாசி? தம்பி என்னவாம்?" எண்டு கேக்கிறா. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்... "சுகமா இருக்கிறானாம் அம்மா. வரப் பிந்துமாம்" எண்டு வாசிச்சன்.

ஃபஸ்னா: அல்லாஹ்வே...

அக்னஸ்: அப்பா செத்த துக்கமே அவவுக்கு ஆறேல்லை. சொன்னா அங்கயே விழுந்திருப்பா எண்டு நினைச்சன். நாடகம் முடியட்டும், நாளைக்குச் சொல்லுவம் எண்டு போய் மேடையில ஏறினன். முதல் பாதி சட்டிச் சண்டை. சிரிப்பு. அது ஓடிச்சுது. பிறகு தாய் கரையில வந்து நிக்கவேணும். "என்ர பிள்ளை வருவான். அந்தா, பாய் தெரியுது." இவ்வளவுந்தான் வசனம். முன்வரிசையில பாயில அம்மா இருக்கிறா எண்டு தெரியும், ஆனா லைற் கண்ணுக்குள்ள அடிக்குது, முகம் தெரியேல்லை. "என்ர பிள்ளை" எண்டன். அதுக்கு மேல வரேல்லை. பின்னால இருந்து வசனம் எடுத்துக் குடுக்கினம். வாய் திறக்குது, சத்தம் இல்லை. இப்ப விழப்போறன், இப்ப கத்தப்போறன் எண்டு நிக்க... டக்கெண்டு இருட்டு.

ஃபஸ்னா: வாப்பா கண்டிட்டாரு.

அக்னஸ்: ஓம். இருட்டில அப்பிடியே குந்தியிருந்து அழுதன். சனம் கூவின கூச்சலில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அம்மாவுக்கும் தெரியவரேல்லை. அந்த இருட்டு மட்டும் வராட்டி...

ஃபஸ்னா: அடுத்த நாள் சொன்னீங்களா?

அக்னஸ்: சொல்லேல்லை. அடுத்த கிழமை சொல்லுவம் எண்டன். பிறகு ஒரு கடுதாசி எழுதினன், பீற்றர் எழுதின மாதிரி. நானே எழுதி நானே வாசிச்சன். இந்தியாவுக்குப் போனான். அங்கயிருந்து ஜேர்மனிக்குப் போனான். கலியாணம் கட்டினான். முதல் பெட்டை மதுசா, பிறகு பெடியன் யதுர்சன். பேரெல்லாம் நான் வைச்சது. பதினாறு வருசம் வாசிச்சன். சாகிறதுக்கு முதல் கிழமையும் அம்மா கேட்டா, "யதுர்சன் சைக்கிள் ஓடுறானோ?" எண்டு.

ஃபஸ்னா: மாமி...

அக்னஸ்: இதையெல்லாம் மூடிவைக்கிறதுக்குத்தான் உன்ர வாப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லவிட்டனான். அம்மா போனாப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாம். வெக்கமாப் போச்சு. இப்ப எழுது. நான் சொல்லச் சொல்ல எழுது, நீ வடிவாத் திருத்து.

ஃபஸ்னா: சொல்லுங்க.

அக்னஸ்: எண்ணெய் முடியேல்லை. முக்கிய வேசம் போட்ட பெட்டைக்கு அண்டைக்குத் தம்பி செத்த செய்தி வந்தது. அவள் மேடையில ஏலாமல் நிண்டதைக் கண்டு, எஞ்சின்காரர் மனமிரங்கி நிப்பாட்டினவர். பழியையும் அவரே சுமந்தவர். அவரின்ர முழுப்பேரையும் போடு.

ஃபஸ்னா: "நடிகையின் துயரைக் கண்ட மின்பிறப்பாக்கி இயக்குநர் அத்தாஉல்லா அவர்கள், மனிதாபிமானத்துடன் தாமாகவே முன்வந்து விளக்குகளை அணைத்தார்..." எனக்கு எழுத்துத் தெரியுதில்ல மாமி, கண்ணெல்லாம்...

அத்தாஉல்லா: அழிங்க அத.

ஃபஸ்னா: என்ன வாப்பா?

அத்தாஉல்லா: தாமாகவே என்டு எழுதினத அழிங்க. மனிதாபிமானத்தையும் அழிங்க.

அக்னஸ்: ஏன் நானா? இனியும் என்னத்துக்கு மறைக்கவேணும்?

அத்தாஉல்லா: நான்தான் நிப்பாட்டின. அது உண்ம. ஆனா நானா நினைச்சிச் செஞ்ச வேலையில்ல.

அக்னஸ்: விளங்கேல்லை.

அத்தாஉல்லா: நான் ஒங்களப் பாக்கவே இல்ல தங்கச்சி. எஞ்சின் மேடைக்குப் பக்கவாட்டில, ஓலைத் தட்டிக்குப் பின்னால. நான் சுருட்டுப் பத்திக்கிட்டு நின்ட. ஒரு ஆள் வந்து நிப்பாட்டச் சொன்ன, நிப்பாட்டின. அவ்வளவுதான்.

ஃபஸ்னா: ஆரு?

அத்தாஉல்லா: கள்ளன் என்ட பேரு எனக்குப் பாரமா இரிக்கல்ல மகள். நான் களவெடுக்கல்ல என்டு எனக்குத் தெரியும், படைச்சவனுக்குந் தெரியும். ஒங்களுக்குத்தான் அது நொந்திரிக்கி, அதுக்கு என்ன மன்னிச்சிருங்க. ஆனா இது வேற. ஆரோ செஞ்ச நல்லத என்ட பேருல எழுதி, அதோட நான் மௌத்தாகி மண்ணுக்குப் போக ஏலா.

அக்னஸ்: ஆர் நானா சொன்னது?

அத்தாஉல்லா: சொல்றல்ல என்டு வாக்குக் குடுத்த.

அக்னஸ்: ஆருக்கு?

ஃபஸ்னா: வாப்பா, நாலுக்குப் பத்து நிமிசந்தான் இரிக்கி.

அத்தாஉல்லா: ஒங்கட அம்மாவுக்கு.

அக்னஸ்: எந்த... எங்கட அம்மாவுக்கோ?

அத்தாஉல்லா: முன்வரிசையில இருந்து எழும்பி, தட்டியச் சுத்திக்கிட்டு ஓடி வந்தா. மூச்சு வாங்குது. "தம்பி, லைற்றை நிப்பாட்டு. என்ர பிள்ளைக்கு ஏலாமல் போகுது. சனத்துக்கு முன்னால அவளை அழவிடாதை" என்டா. நான் முழிச்சிக்கிட்டு நிக்க, என்ட கையப் புடிச்சிக்கிட்டு, "பீற்றர் இல்லையெண்டு எனக்குத் தெரியும். காலமை கிணத்தடியில அவளின்ர முகத்தைப் பார்த்தனான். எனக்குத் தெரியுமெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்டா. வயர இழுத்து நிப்பாட்டிட்டன்.

அக்னஸ்: அம்மா...

ஃபஸ்னா: மாமி, தண்ணி குடிங்க. இந்தாங்க.

அக்னஸ்: வேண்டாம். நேரம் என்ன?

ஃபஸ்னா: அத விடுங்க மாமி. அனுப்பாட்டியும் பரவால்ல.

அக்னஸ்: எழுது. அந்தச் சனத்துக்கு வாக்குக் குடுத்தனி. எழுது... "பார்வையாளர் மத்தியில் இருந்த ஒரு தாய் கேட்டதால் நாடகம் நிறுத்தப்பட்டது." அவ்வளவு காணும்.

ஃபஸ்னா: அடுத்த கேள்வி, மீண்டும் அவ்வாறு நிகழாது என்பதற்கான விளக்கம்...

அக்னஸ்: நிகழும் எண்டு போடு.

ஃபஸ்னா: மாமி!

அக்னஸ்: உண்மைதானே பிள்ளை. வதனாவும் வீட்டை மண்ணுக்குள்ள விட்டிட்டு வந்தவள். ஒரு நாள் மேடையில அவளுக்கும் ஏலாமல் போகலாம். போனா நிப்பாட்டுவம். அடுத்த நாள் விட்ட இடத்திலயிருந்து போடுவம். நாங்கள் அண்டைக்கு அதைத்தான் செய்யாமல் விட்டனாங்கள். விருப்பமெண்டாத் தரட்டும்.

ஃபஸ்னா: "...அவ்வாறு நிகழக்கூடும். நிகழ்ந்தால் நிறுத்துவோம். மறுநாள் தொடர்வோம்." அனுப்பவா? ஒருக்கா யோசிங்க... அனுப்பிட்டன்.

அத்தாஉல்லா: நல்லம்.

ஃபஸ்னா: ஆ! வந்திச்சி மறுமொழி... இல்ல, அது "கிடைத்தது" என்டு மெசின் போடுறது. ஒரு மாசத்தில சொல்லுவாங்களாம்.

அக்னஸ்: சொல்லட்டும். தராட்டியும் வதனாவை வரச்சொல்லு. என்ர முற்றத்தில போடுவம்.

ஃபஸ்னா: நான் தேத்தண்ணி போட்டுட்டு வாறன். வாப்பா, மாமியப் பாத்துக்கங்க.

அக்னஸ்: நானா...

அத்தாஉல்லா: சொல்லுங்க.

அக்னஸ்: பதினாறு வருசம் அந்தக் கடுதாசியளை வாசிச்சன். அம்மா பாயில இருந்து கேட்டுக்கொண்டிருப்பா. மதுசாவுக்குப் பல்லு விழுந்திட்டுதோ, யதுர்சன் சோறு தின்னுறானோ எண்டு கேள்வி வேற கேப்பா. அப்ப... எல்லாம் தெரிஞ்சுகொண்டே கேட்டவ?

அத்தாஉல்லா: தெரிஞ்சிதான் தங்கச்சி. நீங்க வாசிச்சி முடிஞ்ச பின்னேரம் கடைக்கு வந்து எனக்கும் சொல்லுவா, பேரனுக்குப் பல்லு மொளைச்சிட்டு என்டு. சிரிப்பா. ஒரு நாளு நான் கேட்ட, "ஏன் அம்மா, தெரியும் என்டு அவட்டச் சொல்லிருங்களன். ரெண்டு பேரும் சேந்து அழுதாச்சும் முடிச்சிரலாமே" என்டு. "அழுறதுக்கு அவளுக்கு மிச்ச நேரமெல்லாம் கிடக்குத் தம்பி. தம்பியாரின்ர கடுதாசியை எனக்கு வாசிக்கிற அந்த நேரம் மட்டுந்தான் என்ர பிள்ளை சிரிக்கிறாள்" என்டா.